வெளிநாட்டுத் துணையோடு தமிழ்நாட்டில் குடியேறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தம்பதியில் ஒருவர் இந்தியக் குடியுரிமை உள்ளவர், மற்றவர் வெளிநாட்டவர். இருவரும் தமிழ்நாட்டில் வாழ வருகிறார்கள். இப்படி வருபவர்களும் அவர்களுடைய அப்பா அம்மாவும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கட்டணமும் படிவங்களும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் அன்று அரசு இணையதளத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைகளுக்கு ஓடியாடுவது பெரும்பாலும் இந்தியத் துணை, இல்லையென்றால் மாமனார். வந்தவருக்குத் தன் விசா எப்போது முடிகிறது என்பதே தெரிவதில்லை. அப்படி விடாதீர்கள். பாஸ்போர்ட், திருமணச் சான்றின் ஒரு பிரதி, விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் எல்லாம் வந்தவர் கையில் இருக்க வேண்டும். ஏன் என்பது கடைசிக் கேள்விக்கு வரும்போது புரியும்.

கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே அவங்க இங்கேயே இருக்கலாம்தானே?

இருக்கலாம், ஆனால் கல்யாணம் ஆனதால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது. இந்தியரை மணந்த வெளிநாட்டவருக்கு மூன்று படிகள் உண்டு. முதலில் எக்ஸ் விசா எனப்படும் நுழைவு விசா. அடுத்தது ஓசிஐ அட்டை. 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' என்பது அதன் பெயர், ஆனால் அது குடியுரிமை அல்ல, வாழ்நாள் விசா போன்றது. மூன்றாவது இந்தியக் குடியுரிமை. மூன்றாவதைப் பலர் எடுப்பதே இல்லை, எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எக்ஸ் விசாவை அவர் வசிக்கும் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் வாங்கிக்கொண்டு வருவதுதான் சுலபமான வழி. திருமணச் சான்று, இந்தியத் துணையின் பாஸ்போர்ட் நகல், இங்கே தங்கப் போகும் முகவரி ஆகியவை முக்கியமானவை.

கோயில்ல தாலி கட்டியாச்சு. போட்டோ, பத்திரிகை எல்லாம் இருக்கு. அது பத்தாதா?

பத்தாது. விசாவுக்கும் ஓசிஐக்கும் கேட்பது பதிவுச் சான்று. அதற்கு முன்னால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மணமக்கள் இருவருமே இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். அண்ணா முதல்வராக இருந்தபோது அந்தச் சட்டத்தில் சேர்ந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவும் அப்படித்தான். உங்கள் துணை கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால், கோயில் சடங்கு எவ்வளவு விமரிசையாக நடந்திருந்தாலும் அந்தச் சட்டத்தின்கீழ் அது திருமணம் ஆகாது. பதிவு என்பது நடந்த திருமணத்தைக் குறித்து வைப்பதுதான். செல்லாத திருமணத்தைப் பதிவு செல்ல வைக்காது.

அதனால் மதம் வேறாக இருந்தால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் போய்விடுங்கள். யாரும் மதம் மாறத் தேவையில்லை. 'ஒரே நாள்ல மதம் மாத்தி சர்டிபிகேட் வாங்கித் தரேன்' என்று சொல்லும் தரகர்களிடம் போகாதீர்கள். பின்னால் ஓசிஐ விசாரணையில் அந்தக் காகிதம்தான் அதிகாரிகளை உங்களிடம் கேள்வி கேட்க வைக்கும்.

ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எவ்வளவு நாள் ஆகும்? லீவுல வந்து முடிச்சிட்டுப் போக முடியுமா?

இரண்டு வார லீவில் முடியாது. சிறப்புத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவராவது அந்த அலுவலகத்தின் எல்லைக்குள் தொடர்ந்து 30 நாள் வசித்திருக்க வேண்டும். அப்புறம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டு 30 நாள் ஆட்சேபணைக்காகக் காத்திருக்கும். அதன் பிறகு மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போடலாம். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் மறுபடியும் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே வேறு முறையில் மணம் செய்துகொண்டு, இந்தச் சட்டத்தின்கீழ் பதிவு மட்டும் செய்ய விரும்பினால், இருவருமே அந்த எல்லைக்குள் 30 நாள் வசித்திருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் டிக்கெட் போட்டு வருபவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

வெளிநாட்டுத் துணை தனக்கு வேறு திருமண பந்தம் இல்லை என்பதற்கான சான்றைத் தன் நாட்டிலிருந்தோ, இங்குள்ள அந்நாட்டுத் தூதரகத்திலிருந்தோ கொண்டு வர வேண்டும். முன்பு மணமாகி விவாகரத்து ஆனவர் என்றால் தீர்ப்பின் நகலும் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு முறை நேரில் போய், என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவங்க ஊர்லயே பதிவு பண்ணிட்டோம். இங்க மறுபடியும் பண்ணணுமா?

அந்த நாட்டுச் சட்டப்படி முறையாகப் பதிவான திருமணம் என்றால் பொதுவாகத் தேவையில்லை. அந்தச் சான்று இந்திய அலுவலகங்களில் செல்லுபடியாக அப்போஸ்டில் முத்திரை வேண்டும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் ஆவணத்தை இன்னொன்று ஏற்றுக்கொள்வதற்கான முத்திரை அது. இந்தியா 2005 முதல் அதில் இருக்கிறது. சிங்கப்பூர் 2021இலும் கனடா 2024 ஜனவரியிலும் வந்தன. சேராத நாட்டில் வாங்கிய சான்று என்றால், அந்நாட்டு வெளியுறவுத் துறையும் பிறகு அங்குள்ள இந்தியத் தூதரகமும் சான்றொப்பம் இட வேண்டும்.

சான்று பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு அவசியம். அப்போஸ்டில் வைப்பது ஆவணம் பிறந்த நாட்டின் வேலை. சென்னைக்கு வந்த பிறகு பிரான்ஸ் சான்றுக்கு இங்கே அப்போஸ்டில் தேடினால் கிடைக்காது. விமானம் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள்.

என் பாஸ்போர்ட்ல இனிஷியல்தான் இருக்கு. அவங்க சர்டிபிகேட்ல அப்பா பேரை என் குடும்பப் பேர்னு போட்டுட்டாங்க. பிரச்சினை ஆகுமா?

ஆகும். நம் ஆட்களுக்கு அதிகத் தாமதம் இதனால்தான் வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிச் சான்றில் 'கு. செந்தில்', ஆதாரில் 'செந்தில் குமாரசாமி', பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. வெளிநாட்டுப் பதிவாளர் இதைப் பார்த்து, குமாரசாமிதான் குடும்பப் பெயர் என்று முடிவு செய்கிறார். மனைவி அவர்கள் வழக்கப்படி கணவரின் குடும்பப் பெயரை ஏற்றுக்கொள்கிறார். கடைசியில் அவர் பாஸ்போர்ட்டில் மாமனார் பெயர் ஏறிவிடுகிறது. இங்கே வந்ததும் இந்த செந்திலும் அந்த செந்திலும் ஒருவர்தானா என்று கேட்கிறார்கள்.

கல்யாணப் பதிவுக்கு முன்பே உங்கள் பாஸ்போர்ட்டைச் சரி செய்யுங்கள். இனிஷியலை விரித்து, பெயர் எது, குடும்பப் பெயர்க் கட்டத்தில் வருவது எது என்று முடிவு செய்து, எல்லாக் காகிதத்திலும் அதையே பயன்படுத்துங்கள். பதிவு ஏற்கெனவே முடிந்திருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, சான்றோடு சேர்த்து வையுங்கள். திருமணத்துக்குப் பிறகு உங்கள் பாஸ்போர்ட்டில் துணையின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஓசிஐ விண்ணப்பத்தின்போது அது பல கேள்விகளைத் தடுக்கும்.

துணை பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. மாற்றாமல் இருப்பவர்களுக்கு வேலை குறைவு என்பது நான் பார்த்த வரை உண்மை.

டூரிஸ்ட் விசாவில வந்துட்டு அப்புறம் மாத்திக்கலாமா?

சுற்றுலா விசாவில் வந்த இடத்தில் இந்தியரை மணந்தவர்கள், எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் எக்ஸ் விசாவாக மாற்றக் கேட்க வழி இருக்கிறது. ஏற்கெனவே மணமானவர்கள் இந்த வழியில் வராதீர்கள். சுற்றுலா விசாவில் நாள் குறைவு, மாற்றம் கிடைப்பது அதிகாரியின் முடிவு. நாள் தாண்டித் தங்கிவிட்டால் சட்டம் கடுமையானது. 1946இன் வெளிநாட்டினர் சட்டத்தையும் அதோடு இருந்த பழைய சட்டங்களையும் நீக்கிவிட்டு வந்த 2025ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விசா காலம் தாண்டித் தங்கினால் மூன்றாண்டு வரை சிறையும் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு.

எஃப்ஆர்ஆர்ஓ-வுக்கு எப்போ போகணும்?

விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், வந்து 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 'ஒவ்வொரு முறையும் தங்குவது 180 நாளுக்கு மிகாமல்' என்று விசாவில் குறிப்பு இருந்தால் அந்த வரம்புக்குள் பதிவு தேவையில்லை. விசா ஸ்டிக்கரின் அடிப்பகுதியில் இருக்கும் சின்ன எழுத்தை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள்.

2018 முதல் எல்லாம் இணையத்தில்தான். கணக்குத் தொடங்கி, படிவம் நிரப்பி, ஆவணங்களை ஏற்றினால் போதும். கூப்பிட்டால் மட்டும் நேரில் போக வேண்டும். சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கிறது. முகவரிக்கு வாடகை ஒப்பந்தமோ ஈபி பில்லோ கேட்பார்கள். பில் மாமனார் பெயரில் இருந்தால் அவரிடமிருந்து ஒரு கடிதமும் அடையாள நகலும் சேர்த்து வையுங்கள். விசா நீட்டிப்பும் இதே கணக்கில்தான். வீடு மாறினாலும் இதில் தெரிவிக்க வேண்டும். நீட்டிப்புக்குக் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

எங்க வீட்டுலதானே தங்குறாங்க, அதுக்கெதுக்கு சி ஃபார்ம்?

சி ஃபார்ம் என்று பழகிப்போன பெயர், வெளிநாட்டவர் தங்கியிருப்பதைத் தெரிவிக்கும் படிவத்துக்கு. ஹோட்டலுக்கு மட்டும் உள்ள விதி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் எவரும், சொந்த வீடாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். மருமகளானாலும் மருமகனானாலும் இதுதான். வீட்டுக்காரர் பெயரில் ஒரு முறை கணக்குத் தொடங்கிவிட்டால், பிறகு பத்து நிமிட வேலை. எஃப்ஆர்ஆர்ஓ விண்ணப்பத்தோடும் இதன் நகலைக் கேட்பது உண்டு.

வீட்டுல சும்மா இருக்க முடியல, வேலைக்குப் போகலாமான்னு கேக்குறாங்க.

எக்ஸ் விசா வேலை விசா ஆகாது. எஃப்ஆர்ஆர்ஓ-விடம் அனுமதி வாங்கிய பிறகே வேலையில் சேர வேண்டும். ஓசிஐ கிடைத்த பிறகு தனியார் வேலைக்கு இந்தத் தடை இல்லை. அரசு வேலை பொதுவாகக் கிடையாது. பத்திரிகைப் பணி, ஆய்வு, மதப் பிரசாரம் போன்றவற்றுக்கு 2021 மார்ச் அறிவிக்கையின்படி ஓசிஐ உள்ளவர்களும் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும்.

வருமான வரி தனிக் கணக்கு. ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் வரிச் சட்டப்படி இங்கு வசிப்பவர் ஆகிவிடுவார், விசா எதுவாக இருந்தாலும்.

ஓசிஐ எப்போ கிடைக்கும்? ரெண்டு வருஷம் எதிலிருந்து கணக்கு?

குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு சொல்வது இதுதான்: திருமணம் பதிவு செய்யப்பட்டு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் இரண்டாண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். அதனால்தான் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். தாலி கட்டி ஐந்து வருடம் ஆகி, போன மாதம் பதிவு செய்தவர்கள் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாதுகாப்பு விசாரணை உண்டு, இருவரையும் நேரில் அழைத்துப் பேசுவார்கள். சேர்ந்து வாழ்வதற்கான சாட்சியங்களை முதல் நாளிலிருந்தே சேருங்கள்: இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, பயணச் சீட்டுகள். இந்தியாவுக்குள் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய், வெளிநாட்டில் 275 டாலர். பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடியுரிமை உள்ளவருக்கும், அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களுக்கும் முந்தைய தலைமுறை வரை யாராவது அந்தக் குடியுரிமை பெற்றிருந்தவருக்கும் ஓசிஐ கிடையாது.

அட்டை கிடைத்ததும் வாழ்நாள் விசா, எஃப்ஆர்ஆர்ஓ பதிவிலிருந்து விலக்கு. ஆனால் திருமணத்தால் ஓசிஐ பெற்றவர் ஒவ்வொரு முறை புது பாஸ்போர்ட் எடுக்கும்போதும் மூன்று மாதத்துக்குள் அதையும் புகைப்படத்தையும், திருமணம் தொடர்கிறது என்ற உறுதிமொழியையும் இணையத்தில் ஏற்ற வேண்டும்.

மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர்தான், ஆனா பிரெஞ்சு பாஸ்போர்ட். அவரும் வெளிநாட்டவரா?

சட்டப்படி வெளிநாட்டவர்தான். ஆனால் அவருக்கு இரண்டாண்டுக் காத்திருப்பு தேவைப்படாமல் போகலாம். ஓசிஐ வாங்கத் திருமணம் ஒரு வழி, பூர்வீகம் இன்னொரு வழி. 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு இணைந்த பகுதியைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகள், பேரர்கள், கொள்ளுப் பேரர்களும் பூர்வீகத்தின் பெயரில் விண்ணப்பிக்கலாம். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். ஆகவே தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி எடுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மலையகத் தமிழர்களும் இதை யோசிக்க வேண்டும். கொள்ளுத் தாத்தா இங்கிருந்து போனவர், 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடியுரிமைக்குத் தகுதியானவர் என்று காகிதத்தில் காட்ட முடிந்தால் அந்த வழி திறக்கும். பழைய பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், தலைமுறைத் தொடர்ச்சியைக் காட்டும் ஆவணங்கள் வேண்டும். சிரமம்தான், ஆனாலும் முயலச் சொல்வேன். பூர்வீகத்தால் கிடைத்த ஓசிஐ திருமணத்தைச் சார்ந்ததல்ல.

நான் கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணு முகாம்ல பிறந்தவங்க. அவங்களுக்கும் இதே வழிதானா?

இல்லை. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர் பிறந்த தேதிதான் முதல் கேள்வி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒருவருக்கு சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் இதைச் சொல்லி பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3க்கு முன்பு வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும்.

உரிய ஆவணமின்றிப் படகில் வந்தவர்களைக் குடியுரிமைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என்ற பிரிவில் வைத்திருக்கிறது. முப்பது நாற்பது வருடம் இங்கே வாழ்ந்தவர்களை அந்தச் சொல்லால் அழைப்பதே அநியாயம் என்பது என் கருத்து. 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து காப்பாற்றுகிறது. குடியுரிமையை அது தரவில்லை. இந்தியரை மணந்தாலும் மேலே சொன்ன எக்ஸ் விசா, ஓசிஐ வரிசை இவர்களுக்குத் தானாகத் திறக்காது. இந்த விஷயத்தில் படிவம் நிரப்பித் தருபவரிடம் போகாமல், குடியுரிமை வழக்குகள் நடத்திய வழக்கறிஞரிடம் பிறப்புச் சான்றோடும் முகாம் அடையாள அட்டையோடும் போங்கள்.

குழந்தைக்கு ரெண்டு பாஸ்போர்ட்டும் எடுத்து வச்சுக்கலாமா?

கூடாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருந்தால் பிறப்பாலேயே இந்தியக் குடியுரிமை உண்டு. முகாம் பற்றிய முந்தைய பதிலில் உள்ளவர்களின் பிள்ளைகள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

வெளிநாட்டில் பிறந்தால் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்போது குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிப் பதிவான குழந்தைக்குப் பிறப்பாலேயே இன்னொரு குடியுரிமையும் இருந்தால், 18 வயது முடிந்து ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் குழந்தைக்கு ஓசிஐ வாங்கலாம். சென்னையில் பிறந்து வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுத்த குழந்தையை, எஃப்ஆர்ஆர்ஓ அனுமதி வாங்காமல் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். அந்தப் பாஸ்போர்ட்டில் இந்திய நுழைவு முத்திரை இருக்காது, குடிவரவுக் கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள்.

ஊர்ல அவங்க பேர்ல கொஞ்சம் நிலம் வாங்கலாமா?

வீடு வேறு, விவசாய நிலம் வேறு. ஓசிஐ உள்ளவர் வீடும் கடையும் வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க முடியாது. ஓசிஐ இல்லாத இலங்கை, சீனா, நேபாளம் போன்ற சில நாட்டவர்களுக்கு வீடு வாங்கவே ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும்.

இந்தியக் குடியுரிமையே வாங்கிட்டா எல்லாத் தொல்லையும் தீருமே?

தீரும், ஆனால் பழைய குடியுரிமையை விட வேண்டும். இந்தியரை மணந்தவர் இங்கே ஏழாண்டு வசித்த பிறகு பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். ஓட்டுரிமை முதல் விவசாய நிலம் வரை அப்போதுதான் வரும். பிறந்த நாட்டில் வயதான பெற்றோர் இருப்பவர், நாளை அங்கே போக விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை யோசிக்க வேண்டும். இந்த முடிவை மாமியார் வீட்டில் யாரும் அவருக்காக எடுக்கக் கூடாது.

ஒத்துவரலைன்னா என்ன ஆகும்? பாஸ்போர்ட்டை மாமியார் வீட்டுல வாங்கி வச்சிருக்காங்க.

இதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். திருமணத்தால் வந்த ஓசிஐ, அந்தத் திருமணம் சட்டப்படி முறிந்தால் ரத்தாகக்கூடும். எக்ஸ் விசாவின் நீட்டிப்பும் இந்தியத் துணையின் ஆவணங்களைச் சார்ந்தே நடக்கிறது. ஆனால் பிரிந்து வாழ்வதும் விவாகரத்தும் ஒன்றல்ல. வழக்கு நடக்கிறது, குழந்தை இங்கே இருக்கிறது என்றால் அதை எழுத்தில் விளக்கி, விசா முடிவதற்கு முன்பே எஃப்ஆர்ஆர்ஓ-விடம் விண்ணப்பியுங்கள். முடிந்த பிறகு போனால் நீங்கள் சொல்லும் நியாயத்தை விட, தாண்டிய நாள்தான் அவர்கள் கண்ணில் படும்.

பாஸ்போர்ட் அதைக் கொடுத்த அரசின் சொத்து. கணவரோ மாமியாரோ அதைப் பூட்டி வைக்க உரிமை இல்லை. கேட்டும் தராவிட்டால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள், காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடி, மிரட்டல், வீட்டை விட்டுத் துரத்துவது இவற்றுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் 'எந்தப் பெண்ணும்' என்றுதான் சொல்கிறது, எந்த நாட்டுப் பெண் என்று கேட்பதில்லை. தமிழ் தெரியாதவராக இருந்தால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.